இராஜபாளையம் நாய்

இராஜபாளையம் நாய் என்பது தமிழ்நாட்டின் தென்பகுதியைப் பிறப்பிடமாகக் கொண்ட, பெரிய உடலமைப்புள்ள நாட்டு நாய் இனமாகும். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள இராஜபாளையம் நகரின் பெயரே இதற்கு வழங்குகிறது. முற்காலத்தில் வேட்டைக்குப் பயன்பட்ட இந்த இனம், இன்று வீடு, தோட்டம், வயல், மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் காவலுக்கு வளர்க்கப்படுகிறது. பால் போன்ற வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. இதே வெள்ளை நிறத்தோடு பிறவிக் காது கேளாமையும் தொடர்புடையது. இரவில் காவல் காக்கும் நாய்க்குக் காதுதான் முதல் கருவி. எனவே, நிறத்தை மட்டும் பார்த்துக் குட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்த இனத்தின் எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய சிக்கலாகும்.

பெயரும் வரலாறும்

இராஜபாளையம் என்ற ஊர்ப்பெயரில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, அந்நகரில் செல்வாக்குடன் வாழும் ராஜுக்கள் என்ற தெலுங்கு பேசும் சமூகம். ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தவர்களின் வழிவந்தோர் இவர்கள். மற்றொன்று, 'பாளையம்' என்ற சொல். படைகள் தங்கும் இடத்தைக் குறித்த இச்சொல், நாயக்கர் ஆட்சிக் காலத்தில் பாளையக்காரர்களின் ஆட்சிப் பகுதியையும் குறித்தது. பாளையக்காரர்களும் நிலக்கிழார்களும் காட்டுப்பன்றி, முயல் போன்றவற்றை வேட்டையாட நாய்களை வளர்த்தனர். இதனால் இந்த இனத்தை ஆங்கிலேயர்கள் 'பாளையக்காரர் வேட்டைநாய்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்த பாளையக்காரர் போர்களில் இந்நாய்கள் ஆங்கிலேயரின் குதிரைப்படையைத் தாக்கப் பயன்பட்டன என்பது தென்மாவட்டங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியாகும்.

காடுகள் சுருங்கியதாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்ததாலும் இந்த நாயின் பழைய வேலை முடிவுக்கு வந்தது. அதே காலத்தில் அல்சேஷன், டாபர்மேன், பொமரேனியன் போன்ற அயல்நாட்டு இனங்கள் நகர வீடுகளில் பரவின. வேலையை இழந்த இராஜபாளையம் நாய், தோற்றத்திற்காகவும் காவலுக்காகவும் மட்டும் வளர்க்கப்படும் இனமாக மாறியது.

தமிழ்நாட்டின் பிற நாட்டு இனங்களுள் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை குறிப்பிடத்தக்கவை. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் மிகுந்த வேகமும் கொண்ட ஓட்ட நாய்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை செம்பழுப்பு நிறமும் கருத்த முகமும் கொண்ட கட்டான உடல் நாய். இவற்றுள் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இரண்டையும்விட இராஜபாளையம் எலும்புக்கனம் மிகுந்தது.

உடலமைப்பு

வளர்ந்த நாயின் உயரம் தோள்பட்டை அளவில் ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெண் நாய் சற்றுக் குட்டையாக இருக்கும். மார்பு ஆழமானது, வயிறு உள்வாங்கியது, கால்கள் நீண்டு நேராக இருக்கும். இவை விரைந்து ஓடுவதற்கு ஏற்ற அமைப்புகள். முகம் நீண்டது. காதுகள் மடிந்து தொங்கும். வால் நுனியை நோக்கிச் சிறுத்து, மேல்நோக்கிச் சற்றே வளைந்திருக்கும்.

மயிர் குட்டையாகவும் உடலோடு ஒட்டியும் இருப்பதால் வெப்பமான தட்பவெப்பத்திற்கு ஏற்றது. மூக்கும் கண்ணிமை விளிம்பும் இளஞ்சிவப்பாகவும், கண்கள் பொன்னிறமாகவும் இருப்பதை வளர்ப்போர் விரும்புகின்றனர். எனினும் எல்லாக் குட்டிகளும் தூய வெள்ளையாகப் பிறப்பதில்லை. பழுப்பு, கருப்பு நிறக் குட்டிகளும், வெள்ளையில் திட்டு உள்ள குட்டிகளும் பிறப்பதுண்டு. இவற்றைக் 'கலப்பு' என்று ஒதுக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருந்துவருகிறது.

குணமும் காவல் முறையும்

இந்நாய் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ தன் உரிமையாளராக ஏற்றுக்கொள்ளும். பிறர் தொடுவதை விரும்பாது. அறிமுகமற்றோரிடம் விலகி நிற்கும். எல்லைக்குள் நுழைந்தால் எதிர்க்கும். இக்காரணங்களால் சிறு குட்டியாக இருக்கும்போதே பல மனிதர்களிடமும் பிற விலங்குகளிடமும் பழக்குவது இன்றியமையாதது. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டப்படும் நாய் காவலில் சிறந்து விளங்கும் என்பது தவறான நம்பிக்கை. ஓட்டத்திற்கென அமைந்த உடலைக் கட்டிவைத்தால் அது எரிச்சலும் அச்சமும் மிகுந்த நாயாக மாறும். நாள்தோறும் காலையும் மாலையும் நீண்ட நடையோ, வேலி அடைத்த தோட்டத்தில் ஓட்டமோ தேவை.

காவல் நாயும் கிடை நாயும்

நாய் காக்கும் காவல் ஒரே வகையானதன்று. வீட்டையும் தோட்டத்தையும் காக்கும் நாய் எல்லையைக் காக்கிறது. மந்தையோடு வாழும் கிடை நாய் ஆடுகளையே தன் கூட்டமாகக் கருதி அவற்றைக் காக்கிறது. ஐரோப்பாவின் பைரனீசு, மரெம்மா நாய்கள், துருக்கியின் கங்கல், திபெத்திய மாஸ்டிஃப், காஷ்மீர்ப் பகுதியின் பக்கர்வால் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஹாம்ப்சயர் கல்லூரியில் 1970களில் ரேமண்ட் காப்பிங்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம், நல்ல கிடை நாயிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்று விளக்கியது. ஆடுகளுக்குத் தீங்கு செய்யாத நம்பகத்தன்மை, ஆடுகளை விட்டு அகலாத கவனம், பகையைக் கண்டால் எதிர்க்கும் காப்புணர்வு என்பனவே அவை. குட்டிப் பருவத்திலேயே ஆடுகளோடு சேர்த்து வளர்ப்பதால் இக்குணங்கள் உறுதிப்படுகின்றன. நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனத்தோலியக் காவல் நாய்களை உழவர்களுக்கு வழங்கிவருகிறது. ஆடுகள் பிழைத்ததால், சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக் கொல்லும் தேவையும் உழவர்களுக்குக் குறைந்தது.

இராஜபாளையம் நாய் முதல் வகையைச் சேர்ந்தது. ஓடும் விலங்கைத் துரத்தும் வேட்டை உணர்வு அதன் இயல்பில் உள்ளது. எனவே, வளர்ந்த நாயைத் திடீரென ஆட்டுப்பட்டியில் விடுவது ஆபத்தானது. குட்டியிலிருந்தே ஆடு, மாடு, கோழிகளோடு பழக்கப்பட்ட நாய் மட்டுமே பட்டிக் காவலுக்கு ஏற்றது. அதுவும் தொடக்கத்தில் ஆள் மேற்பார்வையில் இருக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டம் சென்னைச் சிவப்புச் செம்மறியாட்டின் தாயகப் பகுதிகளுள் ஒன்று. அங்கே திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிற வறண்ட பகுதிகளிலும் ஆடு மேய்ப்போர் பெரும்பாலும் தம்மோடு வைத்திருப்பது சாதாரண நாட்டு நாய்களையே. மந்தையோடு பிறந்து வளர்ந்த அந்த நாய்கள், பெயர்பெற்ற இனமாக இல்லாவிட்டாலும் கிடை நாய்க்குரிய வேலையைச் செய்கின்றன. பட்டிக் காவலின் தேவையும் இன்று குறைந்துவிடவில்லை. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், இழப்பீடு கேட்டு உழவர்கள் போராடியதும் அண்மைக்காலச் செய்திகள்.

எந்த வகைக் காவலானாலும், இருளில் முதலில் எச்சரிப்பது காதுதான்.

வெள்ளை நிறமும் காது கேளாமையும்

நாயின் மயிருக்கும் தோலுக்கும் நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. இதை உருவாக்கும் செல்கள் நிறமிச் செல்கள் எனப்படும். கரு வளரும்போது இச்செல்கள் முதுகுப்புறத்தில், நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தை ஒட்டித் தோன்றி, அங்கிருந்து உடலெங்கும் பரவுகின்றன. சில நாய்களில் மரபுக் காரணங்களால் இப்பரவல் முழுமையடைவதில்லை. நிறமிச் செல்கள் சென்று சேராத இடங்களில் மயிர் வெள்ளையாகவும் தோல் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

இதே செல்கள் உட்காதுக்கும் செல்ல வேண்டும். உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட பகுதியில் ஒலியை நரம்புத் தூண்டலாக மாற்றும் மென்மயிர்ச் செல்கள் உள்ளன. அவை இயங்குவதற்குச் சுற்றியுள்ள நீர்மத்தில் குறிப்பிட்ட அளவு மின்னழுத்தம் நிலைத்திருக்க வேண்டும். அதை நிலைநிறுத்தும் திசுவில் நிறமிச் செல்களும் பங்கு பெறுகின்றன. அவை இல்லாவிட்டால் அத்திசு நலிந்துவிடும். குட்டி பிறந்த சில வாரங்களில் மென்மயிர்ச் செல்களும் அழியும். இவ்வாறு ஏற்படும் கேளாமை நிலையானது. மருந்தாலோ அறுவை மருத்துவத்தாலோ இதைச் சரிசெய்ய இயலாது.

இது வெளிறல் நோய் எனப்படும் அல்பினிசம் அன்று. அல்பினிசத்தில் நிறமிச் செல்கள் உரிய இடங்களில் இருக்கும். அவற்றால் மெலனின் உருவாக்க முடிவதில்லை. இராஜபாளையம் நாயின் கண்ணில் பொன்னிறம் இருப்பது, அதன் உடல் நிறமி உருவாக்கும் திறன் பெற்றது என்பதைக் காட்டுகிறது.

வெள்ளை நாய்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. சமோயெட் இனம் முழு வெள்ளையாக இருந்தாலும் அதன் மூக்கும் உதடும் கருப்பு. அதன் உடலில் நிறமிச் செல்கள் உள்ளன. மயிரில் படியும் நிறம்தான் மிக வெளிறியது. ஐரோப்பியக் கிடை நாய்களான மரெம்மா, குவாஸ் ஆகியவற்றின் இன வரையறைகளும் வெள்ளை மயிரோடு கருப்பு மூக்கையே கேட்கின்றன. ஓநாயிலிருந்து தம் நாயை இருளில் பிரித்தறிய மேய்ப்பர்கள் வெள்ளையை விரும்பினர் என்று சொல்லப்படுகிறது. இராஜபாளையத்திலோ வெள்ளை மயிரோடு இளஞ்சிவப்பு மூக்கும் சேர்த்து விரும்பப்படுகிறது. நிறமிச் செல்கள் மிகக் குறைந்த நாயையே 'மிகத் தூயது' என்று தேர்ந்தெடுப்பதாக இது முடிகிறது.

இத்தகைய கேளாமை மிக விரிவாக ஆராயப்பட்ட இனம் டால்மேஷன். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டு நாய்களுக்கு இரு காதும், 22 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு காதும் கேட்பதில்லை. உடலில் பெரிய நிறத்திட்டுடன் பிறக்கும் டால்மேஷன்களில் கேளாமை குறைவு. ஆனால் அத்தகைய குட்டிகளைக் கண்காட்சி விதிகள் ஏற்பதில்லை. நிறத்திட்டுள்ள குட்டியை ஒதுக்கும் இராஜபாளையம் வளர்ப்போரின் வழக்கமும் இதை ஒத்ததே.

ஒரு காது மட்டும் கேளாத நாய்கள்

இனப்பெருக்கத்தில் பெரிய இடர் இரு காதும் கேளாத நாயால் வருவதன்று. அந்தக் குறை விரைவில் வெளிப்பட்டுவிடும். ஒரு காது கேட்கும் நாய், கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவலும் காக்கும். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று கண்டறிவதில் மட்டும் தடுமாறும். குறை தெரியாததால் அது நல்ல நாய் என்று கருதப்பட்டு இனப்பெருக்கத்திற்குப் பயன்படும். கேளாமைக்கான மரபுக்கூறுகளை அது அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். பெற்றோர் இருவரும் 'நன்றாகக் கேட்கும்' நாய்களாக இருந்தும் குட்டிகளுள் சில செவிடாகப் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குட்டியின் கேட்கும் திறனைச் சோதித்தல்

குட்டிகளின் காதுத்துளை பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திறக்கும். ஐந்து வாரத்திற்குப் பிறகு சோதனை செய்வது ஏற்றது. கேளாத குட்டி, பிற குட்டிகள் ஓடும்போது தானும் ஓடும். அவை எழும்போது எழும். எனவே கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. குட்டியைத் தனியே பிரித்து, அதன் கண்ணில் படாமல் பின்புறமிருந்து சாவிக்கொத்தையோ விசிலையோ ஒலிக்க வேண்டும். தரையைத் தட்டக்கூடாது, அதிர்வைக் கால்கள் உணர்ந்துவிடும். உறங்கும் குட்டி ஒலிக்கு விழிக்கிறதா என்று பார்ப்பதும் பயன்தரும். உடன்பிறந்த குட்டிகள் வலியால் கத்தினாலும் கடிப்பதை நிறுத்தாத குட்டியையும், சாப்பாட்டு ஓசைக்கு எழாத குட்டியையும் கவனித்துச் சோதிக்க வேண்டும்.

இம்முறையால் இரு காதும் கேளாத குட்டியை மட்டுமே கண்டறியலாம். ஒரு காது கேளாமையை அறிய, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையைப் பதிவு செய்யும் சோதனை தேவை. ஒவ்வொரு காதிலும் தனித்தனியே சிறு ஒலிகளைச் செலுத்தி, தலையில் பொருத்திய மெல்லிய மின்முனைகளால் எதிர்வினை பதிவாகிறது. இது சில நிமிடங்களில் முடியும். இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொள்ளும் நாய்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை இச்சோதனை செய்தால் போதும்.

காது கேளாத நாயைக் கொல்லவோ தெருவில் விடவோ தேவையில்லை. கைச்சைகைகளுக்கும் விளக்கொளிக்கும் அது எளிதில் பழகும். உறங்கும்போது திடீரெனத் தொட்டால் அஞ்சிக் கடிக்கக்கூடும் என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. வண்டி வரும் ஓசையை அறியாததால் சாலையில் வாரின்றி விடக்கூடாது. கருத்தடை செய்து, வீட்டு நாயாக வளர்க்கலாம். காவலுக்கு வைப்பது பொருத்தமன்று.

பிற உடல்நலச் சிக்கல்கள்

நிறமியற்ற தோல் வெயிலில் எளிதில் சிவந்து புண்ணாகும். மூக்கு, காது நுனி, வயிற்றுப்பகுதி ஆகியவை மிகவும் பாதிக்கப்படும். நண்பகலில் நிழலும் தண்ணீரும் கட்டாயம் தேவை. சொறிநோயும் பூஞ்சைத் தொற்றும் இந்த இனத்தில் வளர்ப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் தொல்லைகள். தோலில் மயிர் உதிர்ந்த வட்டங்கள் தென்பட்டால் வேப்பெண்ணெய் பூசிக் காத்திருக்காமல், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து எவ்வகைச் சிற்றுண்ணி என்று அறிந்து மருந்து கொடுக்க வேண்டும்.

உண்ணிகளால் பரவும் இரத்த நோய்கள் தமிழ்நாட்டில் பரவலானவை. காய்ச்சல், உணவில் நாட்டமின்மை, ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் ஆகியவை இவற்றின் அறிகுறிகள். வெள்ளை மயிரில் உண்ணி எளிதில் கண்ணில் படும் என்பது வளர்ப்போருக்கு ஒரு வசதி.

ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் நாய் தவித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரே வேளையில் வயிறு நிறைய உணவிடாமல் இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், உண்டவுடன் ஓடவிடாமல் இருப்பதும் நல்லது.

பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நான்கு மாத வயது வரை இடைவெளி விட்டுப் போடப்படும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் கூறும் கால இடைவெளியில் ஊக்கத் தடுப்பூசியும் தவறக்கூடாது. வெறிநோய் மனிதருக்கு வந்தபின் பிழைப்பது மிக அரிது.

பாதுகாப்பும் சட்டமும்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை நாட்டு நாய் இனங்களுக்கெனச் சென்னை சைதாப்பேட்டையில் ஓர் இனப்பெருக்கப் பிரிவை நடத்தியது. அங்கு நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. நாட்டு இனம் என்பதற்காக நாயின் நலத்தைப் புறக்கணிக்க முடியாது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

2005ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல், இராஜபாளையம் ஆகிய நான்கு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோதி இந்த இனத்தைக் குறிப்பிட்டுப் பேசியதும் நாட்டு நாய்களுக்கான தேவை கூடக் காரணமாயிற்று. அரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது.

தேவை கூடும்போது குட்டி வணிகமும் கூடுகிறது. 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதத்திற்குக் குறைந்த பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் குட்டி ஈன வைக்கக்கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. தாய்-மகன், உடன்பிறப்புகள் போன்ற நெருங்கிய உறவுச் சேர்க்கையும் தடைசெய்யப்பட்டுள்ளது. தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் நாட்டு இனங்களை ஊக்குவிக்கிறது.

குட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

குட்டியை எட்டு வாரத்திற்குப் பிறகே வாங்க வேண்டும். தாய் நாயை நேரில் பார்ப்பதும், பெற்றோர் இரண்டுக்கும் உள்ள உறவைக் கேட்டறிவதும் முக்கியம். ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்து ஒலிச் சோதனை செய்து பார்க்க வேண்டும். மூக்கில் சிறு கரும்புள்ளி இருப்பதையோ, காதில் வெளிர்பழுப்புத் திட்டு இருப்பதையோ குறையாகக் கருதி விலையைக் குறைத்துப் பேசுவது தவறு. அத்தகைய நிறம் கேட்கும் திறனுக்கு உறுதி அளிப்பதில்லை என்றாலும், நிறமிச் செல்கள் அப்பகுதியை அடைந்துள்ளன என்பதற்கு அடையாளமாகும்.

வளர்ப்போரும் இரு காதும் கேட்கும் நாய்களை மட்டும் இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொண்டு, நிறத்திட்டுள்ள நல்ல குட்டிகளை ஒதுக்காமல் இருந்தால், சில தலைமுறைகளில் கேளாமையைக் கணிசமாகக் குறைக்கலாம். காட்டில் வேட்டையாடிய காலத்தில் செவிட்டு நாய் தானாகவே வேலையிலிருந்து விலக்கப்பட்டது. வேட்டை நின்ற பின் அந்தத் தேர்வைச் செய்ய வேண்டிய பொறுப்பு, குட்டி வளர்ப்போரிடமும் வாங்குவோரிடமும் வந்து சேர்ந்துள்ளது.